உப்பளத்தில் விளையும் பிளாஸ்டிக்

உப்பு விளையும் தறுவாயில் பாத்திநீர் இளஞ்சிவப்பாக மாறுவதைத் தூத்துக்குடி, வேதாரண்யம் பகுதி மக்கள் பார்த்திருப்பார்கள். அந்நிறத்தைத் தருபவை நீரில் வாழும் நுண்ணுயிர்களே. மீனும் இறைச்சியும் ஊறுகாயும் கெடாமலிருக்க நாம் நம்பியிருக்கும் அதே உப்பு, இவற்றுக்கு மட்டும் தாய்வீடாக இருக்கிறது. கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கு உப்பு உண்டு. இவற்றுள் சிலவோ, நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் உப்புச் செறிந்த நீரில்தான் செழித்து வளர்கின்றன. நல்ல தண்ணீரில் விட்டால் உடல் வெடித்து மடிகின்றன.

இத்தகைய உயிர்களுள் ஒன்று, பிளாஸ்டிக் குப்பைக்கு மாற்றுத் தேடும் விஞ்ஞானிகளின் கவனத்தை நெடுநாளாக ஈர்த்து வருகிறது. ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடலோரத்தில், அலிக்காந்தே நகருக்கு அண்மையில், சாந்தா போலா என்ற ஊரில் பரந்த உப்பளங்கள் உள்ளன. அவ்வுப்பளநீரிலிருந்து பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ்-வலேராவும் அவருடன் உழைத்தோரும் பிரித்தெடுத்த நுண்ணுயிர், 1983-இல் விரிவாக விவரிக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டரேனியை. (இதே உயிரின் மரபுப்பொருளை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மொஹிக்கா, அதில் திரும்பத் திரும்ப வரும் சில வரிசைகளைக் கண்டு 1993-இல் வெளியிட்டார். பின்னாளில் 'கிரிஸ்பர்' எனப் புகழ்பெற்ற மரபணுத் திருத்த முறைக்கு இட்டுச்சென்ற தொடக்கப் படிகளுள் அதுவும் ஒன்று. அது தனிக் கதை.) பேச்சு வழக்கில் இதனையும் பாக்டீரியா என்றே சொல்லிவிடுகிறோம். கறாராகச் சொன்னால் இது 'ஆர்க்கியா' என்னும் வேறொரு தொல்குலத்தைச் சேர்ந்தது.

உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீரைக் கக்கிச் சுருங்குவதை இல்லத்தரசிகள் அறிவர். வெளியே உப்பு மிகுந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும் என்பது இயற்கை நியதி. இந்நுண்ணுயிர் அந்த நியதிக்கு ஈடுகொடுக்கும் விதம் எளிது: பொட்டாசியம் உப்பைத் தன் உடலுக்குள்ளும் நிரப்பி, வெளிக்கும் உள்ளுக்கும் சமநிலை செய்துகொள்கிறது. இந்தச் சிறு உபாயத்தைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இதற்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். நெல் விளைந்த ஆண்டில் குதிரை நிரப்பி வைப்பவன் குடியானவன். நுண்ணுயிர்களுள் பலவும் அப்படியே. சர்க்கரை போன்ற உணவு மிகுந்தும், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகள் குறைந்தும் இருக்கும் வேளையில் அவற்றால் பெருக இயலாது. ஆகவே மிஞ்சிய உணவை மணிமணியாக உடலுக்குள் சேமிக்கின்றன. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த மொரீஸ் லெம்வான் 1926-இல் ஒரு பாக்டீரியாவினுள் இச்சேமிப்பைக் கண்டறிந்தார். சங்கிலி சங்கிலியாகக் கோத்த மூலக்கூறுகளாலான அப்பொருளின் பெயர் பாலிஹைட்ராக்சிபியூட்ரேட். சூடேற்றினால் உருகும், அச்சில் வார்க்கலாம். பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் பாலிபுரோப்பிலீனைப் போலவே அதுவும் ஒரு பிளாஸ்டிக். ஒரே வேற்றுமை, அது மற்ற நுண்ணுயிர்களுக்கு உணவு. மண்ணிலும் கடலிலும் வாழும் பல பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதனை அறுத்துத் தின்று, கரிவளியாகவும் நீராகவும் மாற்றிவிடும்.

நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்த பொருள் ஏன் நம் கடைவீதிக்கு வரவில்லை? விலைதான் காரணம். தூய பாலிஹைட்ராக்சிபியூட்ரேட் எளிதில் நொறுங்கும் இயல்புடையது. வேலரேட் என்ற இன்னொரு கண்ணியை இடையிடையே கோத்தால் அது வளைந்துகொடுக்கும். பிரிட்டனைச் சேர்ந்த ஐ.சி.ஐ. நிறுவனம், பாக்டீரியாவுக்குச் சர்க்கரையோடு புரோப்பியோனிக் அமிலத்தையும் ஊட்டி அத்தகைய கலப்புப் பிளாஸ்டிக்கை உருவாக்கி, 'பயோபால்' என்று பெயரிட்டது. 1990-இல் ஜெர்மனியில் வெல்லா நிறுவனத்தின் ஷாம்பு அதனாலான புட்டியில் விற்பனைக்கு வந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆயினும் பெட்ரோலியப் பிளாஸ்டிக்கைவிடப் பன்மடங்கு விலையுள்ள புட்டியை எத்தனை பேர் வாங்குவர்? 1996-இல் அத்தொழில் மான்சான்டோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. சில ஆண்டுகளில் அதுவும் கைவிட்டது.

செலவு எங்கே போகிறது என்று பார்த்தால், உப்பளத்து உயிரின் அருமை விளங்கும். சர்க்கரை கரைத்த நீர் எந்தக் கிருமிக்கும் விருந்தே. ஆகையால் பெரும் உருக்குக் கலங்களையும் குழாய்களையும் ஊட்டநீரையும் 121 பாகை வெப்பமுள்ள நீராவியால் தூய்மைப்படுத்த வேண்டும். ஓர் அயல் கிருமி நுழைந்தாலும் கலம் முழுவதும் பாழ். உப்பு செறிந்த நீரிலோ அயல் கிருமி பிழைப்பதே அரிது. கிருமி நீக்கும் வேலையை உப்பே பார்த்துக்கொள்கிறது. மேலும், ஹாலோஃபெராக்ஸ் வெறும் சர்க்கரையிலிருந்தும் மாவுப்பொருளிலிருந்துமே வேலரேட் கண்ணியைத் தானாகக் கோத்துக்கொள்கிறது. புரோப்பியோனிக் அமிலத்துக்குச் செலவில்லை. இறுதியாக, மணிகளை உடலிலிருந்து பிரிக்க மற்ற பாக்டீரியாக்களுக்குக் குளோரோபார்ம் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்துவதுண்டு. இங்கே நல்ல தண்ணீர் போதும். உள்ளே உப்பை நிரப்பி வைத்திருக்கும் அவ்வுயிர், தண்ணீர் பட்டதும் ஊதி வெடித்துவிடுகிறது, மணிகள் வெளிவருகின்றன. அதன் பின்னும் கழுவித் தூய்மை செய்யும் வேலை உண்டெனினும் பெருஞ்சிக்கல் தீர்கிறது.

இதே எண்ணத்தைச் சீன விஞ்ஞானிகள் வேறொரு வழியில் கொண்டுசென்றனர். சின்ஜியாங் மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு 154 மீட்டர் தாழ்வாக அய்டிங்கோல் என்ற உப்பேரி உள்ளது. அங்கிருந்து பெற்ற ஹாலோமோனாஸ் என்னும் பாக்டீரியாவைப் பீஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் குவோ-சியாங் சென் குழுவினர் வளர்த்தனர். லிட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம் உப்பும் காரத்தன்மையும் கொண்ட நீரில், கிருமி நீக்கம் ஏதுமின்றிப் பதினான்கு நாள் தொடர்ந்து வளர்த்தும் அயல் கிருமி தலைகாட்டவில்லை. 2011-இல் வெளியான அவ்வாய்வில், தொகுதியாக வளர்த்தபோது 56 மணி நேரத்தில் லிட்டருக்கு 80 கிராம் உலர்ந்த உயிர்ப்பொருள் கிடைத்தது. அதன் எடையில் நூற்றுக்கு எண்பது பங்கு பிளாஸ்டிக்! ஓர் உயிர் தன் உடலில் ஐந்தில் நான்கு பங்கைக் களஞ்சியமாக்கி வைத்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் உப்பு தன் கூலியை வேறு வழியில் கேட்கிறது. துருப்பிடிக்காத எஃகையும் செறிந்த உப்புநீர் அரிக்கும். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இதற்கென்றே கண்ணாடியும் பீங்கானும் 'பீக்' என்னும் உறுதிமிக்க பிளாஸ்டிக்கும் கொண்டு ஒரு கலம் அமைத்தனர். மக்கும் பிளாஸ்டிக்கைச் செய்ய மக்காத பிளாஸ்டிக்கால் பாத்திரம்! அறுவடை முடிந்தபின் எஞ்சும் உப்புநீரை வயலிலோ ஆற்றிலோ விட இயலாது. உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினால்தான் கணக்கு நேராகும். இதனினும் பெரியது சர்க்கரைக் கணக்கு. ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ மூன்று கிலோ சர்க்கரை வேண்டும். மனிதர் உண்ணத்தக்கதைப் பைகளாகவும் புட்டிகளாகவும் மாற்றுவது முறையா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அதனாலேயே கழிவுகளின் பக்கம் ஆய்வு திரும்பியது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரை ஹாலோஃபெராக்ஸுக்கு ஊட்டினர். தைவானில் அரிசித் தவிடு. நம் நாட்டு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சாராய வடிசாலைக் கழிவுநீரையே அதற்கு உணவாக்கினர். கரும்பாலைகளும் வடிசாலைகளும் மிகுந்த நம் நாட்டில், என் கருத்தில், மிகவும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது இதுவே.

உலகில் ஆண்டுதோறும் 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் செய்யப்படுகிறது. உயிர்ப்பொருளிலிருந்து பெறும் பிளாஸ்டிக் வகைகள் அனைத்தையும் கூட்டினாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு தேறாது. ஆகவே கடையில் 'மக்கும்' என்று அச்சிட்ட பையைக் கண்டதும் உப்பளத்துப் பிளாஸ்டிக் வந்துவிட்டதென்று எண்ணிவிட வேண்டாம். அவற்றுள் சில, சாதாரணப் பாலித்தீனில் ஒரு வேதிப்பொருளைக் கலந்தவை. அவை மக்குவதில்லை, துகள்களாக உதிர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் இவற்றைத் தடை செய்தது. வேறு சில, சோளமாவு போன்றவற்றிலிருந்து பெறும் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனவை. 60 பாகை வெப்பத்தை எட்டும் பெரிய உரக்கூடங்களில் மக்கும், வீட்டுக் கொல்லைக் குழியில் எளிதில் மக்காது. பாலிஹைட்ராக்சிபியூட்ரேட் குடும்பத்துக்கு அந்த வெப்பம் தேவையில்லை. எனினும் அதற்கும் காலம் வேண்டும். நுண்ணுயிர் மலிந்த ஈரமண்ணில் மெல்லிய தாள் சில மாதங்களில் மறையக்கூடும். தடித்த புட்டி குளிர்ந்த கடல்நீரில் விழுந்தாலோ ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.