பம்பு ஏன் சுடுகிறது?

சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்த கையோடு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்ததுண்டா? ரப்பர் குழாய் கிளம்பும் இடத்தில் நன்றாகவே சுடும். வாஷர் உரசுவதால் வரும் சூடு என்றுதான் பலரும் சொல்வார்கள். பள்ளிப் பரீட்சையில் நானும் அப்படித்தான் எழுதிவைத்தேன். டியூபில் மாட்டாமல் வெறும் பம்பை அதே இருபது தடவை அடித்துப் பாருங்கள். வாஷர் அப்போதும் உரசத்தான் செய்கிறது. சூடுதான் அந்த அளவுக்கு ஏறாது.

மிச்சச் சூடு காற்றினுடையது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் மூலக்கூறுகள் சராசரியாக நொடிக்கு 450 மீட்டருக்கு மேல் பாய்பவை. கீழிறங்கும் பிஸ்டனில் அவை மோதினால், முன்னேறி வந்து விளாசும் மட்டையில் பட்ட பந்துபோல, வந்ததைவிட வேகமாகத் திரும்புகின்றன. அந்த வேகம்தான் நமக்குச் சூடு. அடுப்பில்லை, தீக்குச்சியில்லை, கை செய்த வேலை காற்றுக்குள் உள்ளாற்றலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மட்டையைப் பின்னுக்கு இழுத்தால் பந்து செத்து விழும் அல்லவா? அதேபோல எதையாவது தள்ளிக்கொண்டு விரியும் வாயு குளிரும். நிறைந்த டியூபின் வால்வைத் திறந்து விரலைக் காட்டினால் சில்லென்று இருக்கும்.

பம்பை ஆற அமர, மிக மெதுவாக அழுத்தினால் பிறக்கும் சூடு அப்போதைக்கப்போது சுவர் வழியே கசிந்துவிடும். இது வெப்பநிலை மாறா நிகழ்வு. சட்டென்று அழுத்தினால் கசிய நேரமில்லை. அது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. பதினொன்றாம் வகுப்பில் மிரட்டிய பெயர்கள்தான்!

ருடால்ஃப் டீசல் 1890களில் இந்த நேரமின்மையை நம்பியே இஞ்சின் கட்டினார். சிலிண்டருக்குள் காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சட்டென்று நசுக்கினால் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தூவிய டீசல் தானே பற்றிக்கொள்ளும். லாரி இஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லாதது இதனால்தான்.

நியூட்டனே இதில் சறுக்கினார். ஒலி என்பது காற்று நெருங்கியும் தளர்ந்தும் நகரும் அலை. 1687-ல் வந்த தன் நூலில் அதன் வேகத்தைக் கணக்கிட்ட அவர், நெருங்கும் காற்று சூடாகும் என்பதைச் சேர்க்கவில்லை. விடை சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அந்நூலின் 1713-ல் வந்த இரண்டாம் பதிப்பில் காற்றுத் துகளின் பருமன், நீராவி என்று எதையெதையோ சேர்த்து எண்ணை ஒப்பேற்றினார். அவரும் ஆய்வக நோட்டில் விடையைத் திருத்தும் நம் ஆள்தான் என்பதில் எனக்கொரு ஆறுதல்.

சரியான காரணத்தை 1816-ல் லாப்லாஸ் சொன்னார். நெருங்கிய இடத்துச் சூடு தளர்ந்த இடத்துக்குப் போய்ச் சேருமுன் அலை கடந்துவிடுகிறது. சூடேறிய காற்று இன்னும் விறைப்பாக எதிர்த்துத் தள்ளுவதால் ஒலி விரைகிறது. 0 டிகிரியில் நொடிக்கு 280 மீட்டர் என்று வரும் கணக்கு 331 ஆகிவிடுகிறது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குகிறோமே, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 நொடி என்று. காற்று சூடாகாமல் இருந்தால் மூன்றரை வரை எண்ண வேண்டியிருக்கும்.