மூணு லட்சம் பேர் எங்கே சார்?

"சார், உங்க ஓட்டு எங்க?"

கேட்டவர் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர். 2016 மே மாதம். சட்டமன்றத் தேர்தலுக்கு ரெண்டே நாள். நான் மேடவாக்கத்துக்குக் குடிவந்து ரெண்டு வருஷம். அதற்குள் மூன்று வீடு மாறியாகிவிட்டது.

"கும்பகோணத்துல" என்றேன்.

"அப்ப ராத்திரி பஸ்ஸா?"

"எங்கண்ணே... லீவு கிடைக்கலை!"

சுத்தப் பொய். திங்கட்கிழமை தேர்தல், ஆபீஸுக்கே லீவு. கோயம்பேடு கூட்டத்தை நினைத்ததும் வந்த சோம்பல், அவ்வளவுதான்.

அவர் கதை வேறு. 2015 வெள்ளம் வரை அடையாற்றுக் கரையில் இருந்தவர். அதற்கப்புறம் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஆள் வந்துவிட்டார், ஓட்டு மட்டும் சைதாப்பேட்டையிலேயே தங்கிவிட்டது. "ரெண்டு பஸ் மாறிப் போவணும் சார். அன்னிக்குப் பொழப்பும் போச்சு. இன்னா பண்றது? போடலேன்னா, நாம இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதே!"

அவர் ரெண்டு பஸ் மாறிய நேரத்தில் நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து, "இந்த நாடு உருப்படாது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் அந்த வெள்ளத்தில் என் ஸ்கூட்டர் மூன்று நாள் முங்கிக் கிடந்தபோது, பஞ்சாயத்திலிருந்து பார்லிமென்ட் வரை ஒருத்தரையும் விடாமல் திட்டியவன். திட்டுவதற்கு வாக்காளர் அட்டை கேட்க மாட்டார்கள், பாருங்கள்!

தொகுதியா, ஜில்லாவா?

எங்கள் தொகுதி சோழிங்கநல்லூர். 2008 மறுசீரமைப்பில் பிறந்து, 2011-ல் முதல் தேர்தலைப் பார்த்தது. கிழக்கே நீலாங்கரை கடற்கரை பங்களாக்கள். நடுவே பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றின் முதுகுக்குப் பின்னால், நகரத்திலிருந்து பெயர்த்து வரப்பட்டவர்களின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இத்தனை பேருடைய மழைத் தண்ணீரையும் வாங்கிக்கொள்ளப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். குப்பைமேட்டையும் சுமந்துகொண்டே 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த புண்ணியவதி!

முதல் தேர்தலில் அ.தி.மு.க., அடுத்த இரண்டில் தி.மு.க. கட்சிகள் இந்தத் தொகுதியை உற்றுப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021-ல் இங்கே வாக்காளர்கள் சுமார் 6.94 லட்சம். தமிழ்நாட்டிலேயே அதிகம். அதே வருஷம் துறைமுகம் தொகுதியில் சுமார் 1.76 லட்சம்தான். அதாவது, நாலு துறைமுகத்தைச் சேர்த்தால் ஒரு சோழிங்கநல்லூர். எம்.எல்.ஏ. மட்டும் அங்கேயும் ஒன்று, இங்கேயும் ஒன்று. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லை போட்டார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் அதற்கப்புறம்தான் வரிசை கட்டி வந்தன.

பி.காம். கணக்கு

ஆயிரம் இருந்தாலும் நான் பி.காம். அந்தப் புத்தி போகுமா? 2021 கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மாநிலம் முழுக்க நூற்றுக்கு 73 பேர் ஓட்டுப் போட்டார்கள். எங்கள் தொகுதியில் 55, 56தான். ஜெயித்தவர் வாங்கியது சுமார் 1.71 லட்சம். வித்தியாசம் சுமார் 35 ஆயிரம். வராதவர்களோ மூணு லட்சம்! அவர்கள் மட்டும் ஒரு கட்சி ஆரம்பித்திருந்தால், மற்ற எல்லோரும் மூட்டை கட்டியிருக்கவேண்டியதுதான்.

எல்லோரையும் சோம்பேறி என்று சொல்வது பாவம். பட்டியலில் இறந்தவர் உண்டு, பெங்களூருக்குப் போனவர் உண்டு, நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கியவர் உண்டு. கணக்குப் பாஷையில் சொன்னால் வாராக்கடன். 2025-ல் தீவிரத் திருத்தம் என்று அதைத்தான் தள்ளுபடி செய்யக் கிளம்பினார்கள். டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சம், முகவரி மாறியவர்கள், தேடியபோது இல்லாதவர்கள். என்னைப்போல வாடகை வீட்டு ஜாதி! வாராக்கடனைத் தள்ளும் வேகத்தில் நல்ல கணக்கும் போய்விடலாம். அதனால் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான் 2020-ல்தான் திருந்தினேன். வாடகை ஒப்பந்தத்தின் நகல் கேட்டபோது வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. "ஓட்டையும் இங்க கொண்டாந்துட்டா, அப்புறம் காலி பண்ணமாட்டீங்களே தம்பி!" பதினோரு மாசத்துக்கு ஒருமுறை நம்மைக் காலி செய்யச் சொல்பவருக்கு எவ்வளவு பயம்! காஸ் பில்லைக் காட்டி, படிவம் 6 எழுதிக் கொடுத்துப் பெயரைச் சேர்த்தேன். 2022-லிருந்து முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. எந்தத் தொகுதிக்கு மாறினாலும் அதேதான்.

2021 ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. முந்தின வெள்ளி, புனித வெள்ளி. திங்களுக்கு மட்டும் ஒரு லீவு போட்டால் சேர்ந்தாற்போல் அஞ்சு நாள். எங்கள் அபார்ட்மென்ட்டில் பாதிக் கார்களைக் காணோம். கொரோனா காலம். வாசலில் நெற்றியில் ஜுரம் பார்த்து, வலது கைக்கு பிளாஸ்டிக் உறை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். சென்னைப் பக்கம் வந்தபிறகு முதல் ஓட்டு. பட்டனை அழுத்தும்போது கை லேசாக நடுங்கியது நிஜம்.

சாயங்காலம் இஸ்திரி வண்டிக்குப் போனேன். மை வைத்த விரலை நான் நீட்டுவதற்குள் அவர் நீட்டிவிட்டார். "இந்த வாட்டி பெரும்பாக்கத்துலயே சார். பஸ் செலவு மிச்சம்!"

அப்புறம் ஒரு துணி மூட்டையைக் காட்டினார். "மேல் வீட்டு சார் துணி ரெடி. அவரக் காணமே?"

"ஏற்காடு போயிருக்கார்."

"அப்ப ஓட்டு?"

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று நான் சொன்ன பதில்தான் வாயில் வந்தது.

"லீவு கிடைக்கலையாம்ண்ணே!"