ஜப்பான் படமும் என் மாமியாரும்

"ஜப்பான் படமா? பாஷையும் புரியாது, பாட்டும் கிடையாது. தூக்கம்தான் வரும்!" என்று கேலி செய்தார் என் கணவர்.

காலேஜில் படிக்கும் என் மகன்தான் 'டோக்கியோ ஸ்டோரி'யை டி.வி.யில் போட்டுக் கொடுத்தான். யசுஜிரோ ஓசு என்ற டைரக்டர் 1953-ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இரண்டேகால் மணி நேரம் ஓடும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

கதை எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஒனோமிச்சி என்ற கடலோர ஊரில் இருக்கும் வயதான அப்பா அம்மா, டோக்கியோவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறி வருகிறார்கள். மூத்த மகன் டாக்டர். மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இரண்டு பேருக்கும் நேரமில்லை. போரில் போய்விட்ட இன்னொரு மகனின் மனைவி நோரிகோ மட்டும், ஆபீசுக்கு லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள்.

எனக்குக் கஷ்டம் கதையில் இல்லை. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தில்தான்! பள்ளிக்கூடத்தோடு நின்ற இங்கிலீஷ் என்னுடையது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வெள்ளைச் சட்டை மேல் வெள்ளை எழுத்து விழுந்தால் அதுவும் போச்சு!

இன்னொன்றும் கவனித்தேன். ஜப்பானிய மொழியிலும் நம் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வருமாம். மரியாதைப் பேச்சும் உண்டு. இங்கிலீஷில் மாமியாருக்கும் 'யூ', குழந்தைக்கும் 'யூ'. அதனால் மாமியாருக்கு நான் தமிழில் சொல்லும்போது, நோரிகோ பேசுவதையெல்லாம் "வாங்க, உட்காருங்க" என்றே சொன்னேன். அதுதான் பொருத்தமாக இருந்தது.

ஓர் இடத்தில் திணறிப் போனேன். அப்பாவும் அம்மாவும் மகளின் கடைக்குள் நுழைகிறார்கள். யார் அவர்கள் என்று வாடிக்கையாளர் ஒருத்தி கேட்க, மகளோ கிராமத்திலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறாள்.

"என்ன சொன்னா அவ?" என்று கேட்டார் மாமியார்.

எனக்கு வாய் வரவில்லை. அன்று காலையில்தான் பக்கத்து வீட்டம்மா, "உங்க மாமியார் எத்தனை நாள் இருப்பாங்க?" என்று கேட்க, "அடுத்த வாரம் போயிடுவாங்க" என்று அவசரமாகச் சொல்லியிருந்தேன். மாமியார் காதில் விழுந்திருக்கும்.

"எழுத்து ஓடிப் போச்சு, அத்தை" என்று மழுப்பினேன்.

"சொல்ல வேண்டாம் விடு. அவ குரல்லயே தெரியுதே" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தபடிதான் சொன்னார்.

மறுநாள் மாமியாரின் பஸ் டிக்கெட் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

நீங்களும் இத்தகைய படம் பார்க்க ஆசைப்பட்டால், என் அனுபவத்தில் கண்ட சில யோசனைகள்:

* கதைச் சுருக்கத்தையும் பாத்திரங்களின் பெயரையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பாதிச் சிரமம் குறையும்.

* அடுப்பில் எதையும் வைத்துவிட்டு உட்காராதீர்கள். வெறும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாத படம் இது.

* ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். இரண்டு மத்தியானமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

* ஒரு வரி தப்பிவிட்டால் பதறாதீர்கள். முகத்தைப் பாருங்கள்.

கடைசி யோசனையை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அம்மா இறந்த பிறகு, அந்த வீட்டின் கடைக்குட்டிப் பெண் நோரிகோவிடம், வாழ்க்கை என்றாலே ஏமாற்றம்தானோ என்கிற மாதிரி கேட்கிறாள். நோரிகோவும் ஆமாம் என்கிறாள். முதல் தடவை அந்த வரியைப் படித்துவிட்டு, எவ்வளவு கசப்பான பதில் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை எழுத்தை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். நோரிகோவாக நடித்த செட்சுகோ ஹாரா, அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்!

"நான் அப்பவே பார்த்தேனே" என்றார் மாமியார்.