ஆறிய புண்ணும் ஆறாத கடியும்

அடுப்படியில் நெருப்புப் பட்டோ கொதிநீர் ஊற்றுண்டோ காயப்பட்ட ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததும், பெரிய கண்டம் தாண்டியது என்று எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறோம். நோவு குறைந்துவிட்டது, தோலும் மூடிவிட்டது. ஆனால் காயப்பட்டவருக்கு இன்னொரு சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதுதான் கடி. பகலில் வேலையோடு வேலையாக மறந்திருப்பது, ராவில் பாயில் சாய்ந்ததும் எழும்பி உட்கார வைத்துவிடும்.

"கடித்தால் ஆறுகிறது என்று அர்த்தம்" என்று நமது உம்மும்மாமார் சொல்வார்கள். சின்னக் கீறல்களுக்கு அது சரிதான். ஆழமான தீக்காயத்தில் கதை வேறு. புண் மூடிய பின்னரும் மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடங்களையும் தாண்டி, இந்தக் கடி நீடிக்கிறது. கண்ணூறு என்று ஓதிப் பார்ப்பவர்களும் உண்டு, "சும்மா சொறியாதே" என்று ஏசுபவர்களும் உண்டு. ஓதுவது நல்லது, ஏசுவதால் ஒரு பயனும் இல்லை.

காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நெருப்பு ஆழமாகப் பட்ட இடத்தில், தோலுக்கு எண்ணெய்ப் பசை கொடுக்கும் சுரப்பிகள் அழிந்துபோகின்றன. புதுத் தோல் காய்ந்து வரண்டு இழுக்கிறது. தழும்பில் ஹிஸ்டமின் என்ற பொருள் சுரந்து கடியைத் தூண்டுகிறது. எரிந்துபோன நரம்பு நுனிகளும் மீண்டும் முளைக்கும்போது தாறுமாறாகச் செய்தி அனுப்புகின்றன. இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளையிடம் பொறுமையாக இரு என்று சொன்னால் அது என்ன செய்யும்?

நமது நாட்டில் இந்தத் துன்பத்தில் பெரும் பங்கு பெண்களுக்கும் சிறுவர்களுக்கும். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து கருகியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992 அளவில் சரியாத ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையான கனத்த கண்ணாடி, உருளாமலிருக்க இரண்டு தட்டையான பக்கங்கள், திருகி இறுக்கும் மூடி. அவ்வளவுதான். 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இன்று கரன்ட் வந்து குப்பி விளக்கு குறைந்துவிட்டது. ஆனாலும் 2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்ததை நாம் மறக்கவில்லை.

சரி, கடிக்கு என்ன செய்வது? தோல் முழுதாக மூடிய பின், வாசனை கலக்காத வஸ்லினோ சுத்தமான தேங்காய் எண்ணெயோ நாளைக்கு மூன்று நான்கு தடவை மெதுவாகத் தேய்த்து நீவிவிட வேண்டும். கடி எழும்பும்போது நகத்தால் சொறியாமல், ஈரத்துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தலாம். சுடுதண்ணீர் அந்த நேரத்துக்குச் சுகமாக இருந்தாலும் பிறகு கடியைக் கூட்டும். பிள்ளைகளின் நகத்தைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். சொறிந்து உடைந்த தழும்பு மறுபடி புண்ணாகும்.

உடுப்பும் முக்கியம். கல்முனை வெயிலில் கறுப்புப் பொலியெஸ்டர் அபாயா நேரே தழும்பில் உரசினால் யாருக்கும் தாங்காது. உள்ளே மருதமுனைக் கைத்தறிப் பருத்தியில் மெல்லிய, பழகிய துணி இருக்கட்டும். ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. அப்படியிருந்தும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் உடம்புக் கடியின் காரணமாக நபி (ஸல்) அவர்கள் பட்டாடைக்கு அனுமதி கொடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. கடியை ஒரு தக்க காரணமாக மார்க்கமே ஏற்றிருக்கும்போது நாம் ஏன் அதை அற்பமாக நினைக்கிறோம்?

அடுத்தது சாப்பாடு. "கிரந்தி" என்று சொல்லி இறால், கணவாய், முட்டை, மாட்டிறைச்சி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் வெறும் கஞ்சியோடு கிடத்திவிடுகிறோம். கரையோரத்தில் பிறந்தவளுக்கு மீனும் இல்லையென்றால் என்ன உடம்பு தேறும்? புதுத் தசை வளரப் புரதம் வேண்டும். முன்பே ஒரு சாமானுக்கு உடம்பு தடித்தது தெரிந்திருந்தால் அதை மட்டும் விடுங்கள்.

தடிமனுக்கு வாங்கும் பிரிற்றன் போன்ற குளிசைகள் சிலருக்கு உதவும், தூக்கமும் வரும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் கேட்காமல் விழுங்கக் கூடாது. அதற்கு மசியாத கடிக்கு, நரம்பை அடக்கும் கபாபென்டின் போன்ற மருந்துகளை வைத்தியர் எழுதுவதுண்டு. தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான விசேட உடுப்பும் கொடுப்பார்கள். அதைக் குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் உடைந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாக்கட்டுக்குள் கடிக்கிறது என்று ஈர்க்கையோ பின்னல் ஊசியையோ நுழைக்காதீர்கள். உள்ளே கீறிய இடம் சீழ் பிடித்தாலும் கட்டு வெட்டும்வரை தெரியாது. கட்டின் மேல் மெல்லத் தட்டலாம், காற்றாடியின் குளிர்காற்றைப் பிடிக்கலாம்.

கிளினிக் நாளில் நம் பெண்கள் வெட்கத்தில் "இப்போ பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். ராவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், எங்கே தடித்திருக்கிறது, எங்கே வெடித்துத் தண்ணீர் கசிகிறது என்று விபரமாகச் சொல்லுங்கள். உங்களுக்கு வாய் வராவிட்டால் கூடவரும் ராத்தாவோ மாமியோ சொல்லட்டும்.