திரைக்குப் பின்னால் மறைந்துபோகும் பெயர்கள்

1953 செப்டெம்பர் 12ஆம் திகதி அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் இளம் செனட்டர் ஜோன் எப். கென்னடிக்கும் ஜக்குலின் பூவியேக்கும் திருமணம் நடைபெற்றது. மணமகள் அணிந்திருந்த தந்த வெண்ணிறப் பட்டாடை அமெரிக்கா முழுவதிலும் பேசுபொருளாயிற்று. சுமார் 45 மீற்றர் துணி கொண்டு தைக்கப்பட்ட அவ்வாடையின் மடிப்புகளையும் வேலைப்பாடுகளையும் பத்திரிகைகள் விரிவாக வர்ணித்தன. ஆனால், அதனை உருவாக்கியவர் யார் என்பதை, அரிதாக வெளிவந்த ஓரிரு வரிகளைத் தவிர, எவரும் எழுதவில்லை. அவர் ஆன் லோ என்ற கறுப்பினப் பெண்மணி ஆவார்.

திரைப்படம், நாடகம், தொலைக்காட்சி, நவநாகரிக ஆடை உலகம் ஆகியவற்றில் ஒளி படுவது ஒரு சிலர் மீது மாத்திரமே. அந்த ஒளிக்கு அப்பால் நின்று உழைப்பவர்களின் வாழ்க்கைத் தொழில் எத்தகையது, அவர்களுக்கு உரியது எது, அது எவ்வாறு கிடைக்கிறது அல்லது கிடைக்காமற் போகிறது என்பவற்றை விளங்கிக்கொள்வதற்கு ஆன் லோவின் வரலாறு பொருத்தமானதோர் ஆரம்பமாகும்.

அலபாமா மாநிலத்தில் பிறந்த அவருடைய பாட்டி அடிமை வாழ்வை அனுபவித்தவர். பாட்டியும் தாயும் தையற்கலையில் தேர்ந்தவர்கள். ஆன் லோவுக்குப் பதினாறு வயதாயிருந்தபோது தாயார் காலமானார். மாநில ஆளுநரின் மனைவிக்காகத் தாயார் தைத்துக்கொண்டிருந்த ஆடைகள் முற்றுப்பெறாமல் இருந்தன. அவற்றைச் சிறுமியே தைத்து முடித்துக் கொடுத்தார். பின்னர் நியூயோர்க்கிலுள்ள வடிவமைப்புப் பாடசாலையொன்றில் சேர்ந்தபோது, வெள்ளையின மாணவிகளுடன் ஒரே வகுப்பில் அமர அனுமதிக்கப்படாமையால் தனியறையில் இருந்தே பயின்றார். 1947இல் நடிகை ஒலிவியா டி ஹவிலண்ட் ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொள்ள மேடையேறியபோது அணிந்திருந்த ஆடையும் ஆன் லோவின் கைவண்ணமே. எனினும் அதில் பொறிக்கப்பட்டிருந்ததோ வேறொருவரின் பெயர்.

கென்னடி திருமணத்துக்குப் பத்து நாட்கள் இருக்கையில் அவரது தையற்கூடத்தில் நீர்க்குழாய் வெடித்தது. மணமகளின் ஆடையும் தோழியரின் ஆடைகளிற் பெரும்பாலானவையும் பாழாயின. சுமார் இரண்டு மாத உழைப்பு அழிந்தபோதும் அவர் மணமகள் வீட்டாருக்கு அதனைத் தெரிவிக்கவில்லை. மீண்டும் துணி வாங்கி, மேலதிகமாகத் தையற்காரர்களை அமர்த்தி, இரவு பகலாக உழைத்து உரிய நாளில் ஆடைகளை ஒப்படைத்தார். எழுநூறு டொலர் இலாபம் எதிர்பார்த்த வேலையில் ஈராயிரத்து இருநூறு டொலர் நட்டம் ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது. 1961இல், ஜக்குலின் நாட்டின் முதற் பெண்மணியாகியிருந்த வேளையில், பெண்கள் சஞ்சிகையொன்று அந்த ஆடையைத் தைத்தவரைப் பெயர் குறிப்பிடாது கறுப்பினத் தையற்காரி என்று மாத்திரம் எழுதியது. மனம் நொந்த ஆன் லோ ஜக்குலினுக்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது பணத்தையல்ல; தனது பெயரைத்தான்.

பெயருக்கு அத்தனை முக்கியத்துவம் ஏன் என்ற கேள்வி எழலாம். நடிகரின் முகமே அவருக்கு முகவரி. திரைக்குப் பின்னால் இருப்பவருக்கோ முன்னர் செய்த வேலையைத் தவிர வேறு அறிமுகம் கிடையாது. அந்த வேலையோடு தன் பெயர் இணைந்திராவிடின் அடுத்த வாய்ப்பைக் கேட்கவோ, நியாயமான ஊதியத்தைப் பேசித் தீர்மானிக்கவோ அவரால் இயலாது. செல்வந்தக் குடும்பங்கள் பல ஆன் லோவிடம் ஆடைகளைத் தைப்பித்துக்கொண்ட போதிலும், உழைப்புக்குக் குறைவான விலையையே கொடுத்தன. அறுபதுகளின் ஆரம்பத்தில் அவர் கடனிலும் வரி நிலுவையிலும் மூழ்கினார், கண்பார்வையும் குன்றியது. 1981இல் அவர் காலமானபோது அவரை அறிந்தோர் மிகச் சிலரே. ஆகவே பெயர் என்பது இங்கு வெறும் புகழ்ச்சிக்குரிய விடயமன்று. அது தொழிலின் மூலதனமாகும்.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

ஆடை வடிவமைப்பாளர் என்றால் அழகிய உடைகளை வரைபவர் என்றே எம்மில் பலர் கருதுகின்றனர். உண்மையில் வரைதல் அவருடைய வேலையில் ஒரு சிறு பகுதியே. முதலில் அவர் திரைக்கதையை வாசித்து, எந்தப் பாத்திரம் எந்தக் காட்சியில் எந்த நாளில் எந்த நேரத்தில் தோன்றுகிறது என அட்டவணைப்படுத்த வேண்டும். அந்த மனிதரின் வருமானம் என்ன, உடையைத் தாமே துவைப்பவரா, எத்தனை வருடங்களாக அதே செருப்பை அணிகிறார் என்பதையெல்லாம் சிந்திக்க வேண்டும்.

திரைப்படங்கள் பெரும்பாலும் கதையின் ஒழுங்கில் படமாக்கப்படுவதில்லை. கதாநாயகன் வீட்டு வாசலைக் கடந்து வெளியேறும் காட்சி இன்றும், அவன் தெருவில் கால் வைக்கும் காட்சி ஒரு மாதத்தின் பின்னரும் எடுக்கப்படலாம். இடையில் சட்டைக் கைமடிப்பின் அளவோ, கறையின் இடமோ மாறிவிட்டால் காட்சி கெட்டுவிடும். சண்டையும் மழையும் உள்ள காட்சிகளுக்கு ஒரே உடை பல பிரதிகளாகத் தைக்கப்படுகிறது. ஏழை விவசாயியின் உடை கடையிலிருந்து புதிதாக வந்தது போல் தோன்றக் கூடாது என்பதற்காகப் புதுத் துணியைத் துவைத்தும், தேய்த்தும், சாயத்தில் நனைத்தும் பழையதாக்குவதற்கென்றே தனி வல்லுநர்கள் உள்ளனர். இவர்களுடன் துணி வெட்டுபவர், தைப்பவர், பூவேலை செய்பவர், படப்பிடிப்புத் தளத்தில் உடைகளைப் பேணுபவர் என ஒரு பெரும் அணியே இயங்குகிறது. அவர்களது வேலை எவ்வளவு சிறப்பாக அமைகிறதோ, அவ்வளவுக்கு அது பார்வையாளரின் கவனத்திற்கு வராமற் போகிறது.

அங்கீகாரம் வந்த பாதை

ஒஸ்கார் விருதுகள் 1929இல் ஆரம்பமாயின. ஆனால் ஆடை வடிவமைப்புக்கான விருது 1949இல்தான் முதன்முதலாக வழங்கப்பட்டது. ஹொலிவூட் ஆடை வடிவமைப்பாளர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டது 1953இல்; அதாவது ஆன் லோவின் பெயர் மறைக்கப்பட்ட அதே வருடத்தில். ஒப்பனைக் கலைஞர்கள் 1982 வரை காத்திருந்தனர். பாத்திரங்களுக்குரிய நடிகர்களைத் தெரிவு செய்வோருக்கான ஒஸ்கார் விருது 2025ஆம் ஆண்டுத் திரைப்படங்களிலிருந்தே ஆரம்பமாகிறது. உயிரைப் பணயம் வைக்கும் சண்டைக் காட்சிகளை வடிவமைப்போருக்கான விருது, 2027ஆம் ஆண்டுத் திரைப்படங்களிலிருந்து வழங்கப்படும் என 2025இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரே அவர்களுக்கு இந்த இடம் கிடைக்கவுள்ளது என்பது கவனத்திற்குரியது.

விருது ஏற்படுத்தப்பட்டதனால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுவதில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. ஹொலிவூட்டின் புகழ்மிக்க ஆடை வடிவமைப்பாளரான எடித் ஹெட் 35 தடவைகள் பரிந்துரைக்கப்பட்டு, எட்டு ஒஸ்கார் விருதுகளை வென்றவர். அவற்றுள் ஒன்று 1954இல் வெளியான 'சப்ரினா' திரைப்படத்திற்கானது. ஆனால் அப்படத்தில் ஒட்ரி ஹெப்பர்ன் அணிந்து உலகப் புகழ்பெற்ற ஆடைகள் சிலவற்றைத் தந்தவர் பரிஸின் இளம் வடிவமைப்பாளர் ஹியூபேர்ட் டி ஜிவான்ஷி. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் இடம்பெறவில்லை. விருதையும் எடித் ஹெட் தனியாகவே பெற்றுக்கொண்டார். திரைக்குப் பின்னால் நின்ற ஒருவருக்கும் பின்னால் இன்னொருவர் மறைக்கப்பட்டார். 1957இல் வெளியான 'பனி பேஸ்' படத்திற்காகவே இருவரின் பெயர்களும் சேர்ந்து ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டன.

எமது பிராந்தியத்திலிருந்து இத்துறையில் உலக அங்கீகாரம் பெற்றவர் பானு அதையா. கோலாப்பூரில் 1929இல் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்ற அவர், சஞ்சிகைகளுக்கு நவநாகரிக ஆடைச் சித்திரங்களை வரைந்து தொழிலை ஆரம்பித்தார். பின்னர் குருதத்தின் 'பியாஸா' முதலான படங்களுக்கும், வைஜயந்திமாலா நடித்த 'ஆம்ரபாலி' படத்திற்கும் ஆடைகளை வடிவமைத்தார். ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' திரைப்படம், தென்னாபிரிக்காவில் மேற்கத்தேய உடையணிந்த சட்டத்தரணியாகத் தொடங்கி அரையாடை உடுத்திய துறவியாக முடியும் ஒரு மனிதரின் வாழ்வைக் கூறுவது. அம்மாற்றத்தின் பெரும்பகுதியை ரசிகர்கள் உணர்வது ஆடையின் வாயிலாகவே. அதற்காக 1983இல் பிரித்தானியரான ஜோன் மொல்லோவுடன் இணைந்து ஒஸ்கார் விருதைப் பெற்ற பானு அதையாவே அவ்விருதை வென்ற முதல் இந்தியர். தமது மறைவுக்குப் பின்னர் அது பாதுகாப்பாக இருக்க வேண்டும் எனக் கருதிய அவர், 2012இல் விருதை அமெரிக்கக் கழகத்திடமே திருப்பி ஒப்படைத்தார். 2020 ஒக்டோபரில் மும்பாயில் காலமானார். பாதுகாப்பான இடத்தை அவர் கடல் கடந்து தேட நேர்ந்தமை எமது பிராந்தியக் கலை நிறுவனங்கள் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

ஊசியும் நூலும் எமது கைகளில்

நவநாகரிக ஆடை உலகிலும் இதே நிலைமைதான். பரிஸின் உயர்தர ஆடையகங்களில் கையால் தைக்கும் பெண்களைச் 'சின்னக் கைகள்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாலேயே அழைப்பர். 2016 ஜூலையில் சனெல் நிறுவனத்தின் காட்சியொன்றில், வடிவமைப்பாளர் கார்ல் லாகர்பெல்ட் அப்பெண்களைத் தையல் மேசைகளோடு பார்வையாளர் முன்னிலையில் அமர்த்தினார். ஐரோப்பிய ஆடைகளின் பூவேலைப்பாடுகள் பல மும்பாயின் தொழிற்கூடங்களில், தலைமுறை தலைமுறையாக ஜரிகை வேலை செய்துவரும் கைவினைஞர்களால் உருவாக்கப்படுகின்றன. 2023 மார்ச்சில் டியோர் நிறுவனம் தனது காட்சியை மும்பாயின் இந்திய வாயிலின் முன்பாக நடத்தியமை அந்தக் கடமைப்பாட்டை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட ஒரு செயலாகும். ஆயினும் அக்கைவினைஞர்களின் தனிப்பெயர்கள் இன்னமும் ஆடைகளில் இடம்பெறுவதில்லை.

இவ்விடயம் எமக்கும் அந்நியமானதன்று. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பிக்கப்பட்டது முதல், இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தாங்கி நிற்பவற்றுள் ஆடைத் தொழில் முதன்மையானது. அதன் பெரும்பான்மையான தொழிலாளர்கள் பெண்கள். அவர்கள் தைக்கும் உடைகளில் நாட்டின் பெயர் இருக்கிறது. அந்நிய நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. தைத்தவரின் பெயர் இல்லை. எமது வீடுகளிலும் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் உடை தைத்துத் தந்தவரை விழா முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

இத்துறையில் ஆர்வமுள்ள இளைஞர் யுவதிகளுக்கு வழிகள் இல்லாமலில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆடை வடிவமைப்பில் பட்டப் படிப்பை வழங்குகிறது. குறும்படங்களும், மேடை நாடகங்களும், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் பயிற்சிக்களமாக அமையக்கூடியவை. ஆனால் அவர்கள் ஊசி பிடிக்கக் கற்பதோடு, செய்யும் வேலையைப் புகைப்படமாகப் பதிவு செய்யவும், ஊதியத்தோடு பெயர் குறிப்பிடப்படுவதையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளவும் கற்க வேண்டும். இளமையில் வெட்கத்தால் கேட்காது விட்ட பெயரை முதுமையில் கேட்டுப் பெறுவது கடினம்.

கேட்பவருக்குள்ள பொறுப்பைவிடக் கொடுப்பவருக்குள்ள பொறுப்பு பெரிது. நாடகத் துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரியையோ, படத்தின் முடிவில் சில விநாடிகளையோ, பத்திரிகைப் படத்தின் கீழ் இரண்டு சொற்களையோ ஒதுக்குவதால் எவருக்கும் நட்டம் ஏற்படப்போவதில்லை. பத்திரிகைகளும் இந்தக் குறையிலிருந்து விலகியவையல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜக்குலினின் திருமண ஆடை இன்று பொஸ்டன் நகரிலுள்ள கென்னடி நூலகத்தின் உடைமையாக உள்ளது. 2023இல் அமெரிக்காவின் விண்டர்தூர் அருங்காட்சியகம் ஆன் லோவுக்கென்றே ஒரு பெரும் கண்காட்சியை நடத்தியது. அவர் கண்மூடி நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் அவரது பெயர் வாயிலில் எழுதப்பட்டது. எம்மிடையே உழைக்கும் கைகளுக்கு உரிய பெயரை அவர்கள் உயிரோடிருக்கும்போதே வழங்குவது எமது கடமையாகும்.