மும்பைக்கு லிட்டர், மேட்டூருக்கு கனஅடி: நீரோட்டக் கணக்கை ஒப்பிடுவது எப்படி?

மும்பை: மும்பைக்குக் குடிநீர் வழங்கும் ஏழு ஏரிகளின் நீர் இருப்பு மில்லியன் லிட்டரில் அறிவிக்கப்படுகிறது. மேட்டூர் அணையின் நீர்வரத்தும் நீர்த் திறப்பும் விநாடிக்கு இத்தனை கனஅடி என்று வெளியாகின்றன. டிராம்பே அருகே, தமிழர்கள் கணிசமாக வசிக்கும் சீத்தா கேம்ப் போன்ற பகுதிகளின் வாசகர்கள் இவ்விரு செய்திகளையும் ஒரே கைப்பேசியில் அடுத்தடுத்துப் படிக்கின்றனர். ஊரில் திறக்கப்படும் தண்ணீரையும் தங்கள் தெருக் குழாய்க்கு வரும் தண்ணீரையும் ஒப்பிட அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரே ஓர் எண்தான்: 28.3.

ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். ஓர் அடி நீளம், அகலம், உயரம் கொண்ட பெட்டியில் 28.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இதுவே ஒரு கனஅடி. விநாடிக்கு ஒரு கனஅடி தண்ணீர் பாய்வதைக் 'கியூசெக்' என்கின்றனர். ஒரு நாளில் 86,400 விநாடிகள் இருப்பதால், ஒரு கியூசெக் நீரோட்டம் நாள் முழுவதும் நீடித்தால் ஏறத்தாழ 24.47 லட்சம் லிட்டர் சேரும். அதாவது 2.447 மில்லியன் லிட்டர். கியூசெக்கை 2.447-ஆல் பெருக்கினால், மாநகராட்சிகள் பயன்படுத்தும் 'எம்எல்டி', அதாவது நாளொன்றுக்கு மில்லியன் லிட்டர் என்ற அளவு கிடைத்துவிடும்.

மும்பைக்கு நாளொன்றுக்குச் சுமார் 3,850 மில்லியன் லிட்டர், அதாவது 385 கோடி லிட்டர் தண்ணீர் விநியோகிக்கப்படுகிறது. இதை 2.447-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,573 கியூசெக் வருகிறது. மேட்டூரிலிருந்து விநாடிக்கு 10 ஆயிரம் கனஅடி திறக்கப்படுவதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு நாள் தண்ணீர் மும்பை மாநகரின் ஆறு நாள் தேவைக்கும் சற்று அதிகம். பாசனத்தின் பசி நகரத்தின் தாகத்தைவிட எவ்வளவு பெரியது என்பது இங்கேதான் புரியும்.

மொழிபெயர்ப்பு மேசையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். 'விநாடிக்கு' என்ற ஒரு சொல் விடுபட்டால், '10 ஆயிரம் கனஅடி நீர் திறப்பு' என்ற தலைப்பு, 28 டேங்கர் லாரித் தண்ணீர் திறக்கப்பட்டது என்ற பொருளைத் தந்துவிடும். கனஅடி என்பது கொள்ளளவு. விநாடிக்குக் கனஅடி என்பது வேகம். முன்னது வங்கி இருப்பு என்றால், பின்னது மாதச் சம்பளம். இரண்டையும் நேரடியாக ஒப்பிட இயலாது.

அணைகளின் இருப்பைக் குறிக்கும் டிஎம்சி, கொள்ளளவு வகையைச் சேர்ந்தது. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி. அதாவது சுமார் 28,317 மில்லியன் லிட்டர். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுவதும் பாய்ந்தால் ஒரு டிஎம்சி சேரும். மும்பையின் ஏழு ஏரிகளும் நிரம்பினால் கிடைக்கும் மொத்த இருப்பு 14.47 லட்சம் மில்லியன் லிட்டர். தமிழக வழக்கில் சொன்னால் 51 டிஎம்சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியில் இது பாதிக்குச் சற்று மேல். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் வழங்க உத்தரவிட்ட 177.25 டிஎம்சி, மும்பையின் மூன்றரை ஆண்டு விநியோகத்துக்கு இணையானது.

இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. எனினும் ஆறு, அணை, கால்வாய்க் கணக்குகளில் பிரிட்டிஷ் காலத்து அடி இன்னும் நிலைத்திருக்கிறது. நதிநீர் ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும் அந்த அளவிலேயே எழுதப்பட்டுள்ளதால், அதைக் கைவிடுவது எளிதன்று.

கேலன் கணக்கில் இன்னொரு பொறி உண்டு. டெல்லியில் குடிநீர் விநியோகம் இன்றும் நாளொன்றுக்கு மில்லியன் கேலன் அளவிலேயே குறிப்பிடப்படுகிறது. இது 4.546 லிட்டர் கொண்ட பிரிட்டிஷ் கேலன். இணையத்தில் தேடுவோருக்குக் கிடைப்பதோ பல வேளைகளில் 3.785 லிட்டர் கொண்ட அமெரிக்க கேலன். ஆயிரம் மில்லியன் கேலனை மாற்றும்போது முதல் கணக்கில் 4,546 மில்லியன் லிட்டரும், இரண்டாவதில் 3,785 மில்லியன் லிட்டரும் வரும். வித்தியாசம் மும்பையின் ஒரு நாள் தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

அணைக் கணக்கைவிட வீட்டு வாசலில் உதவும் கணக்கு நிமிடத்துக்கு லிட்டர் என்பதே. அணுசக்தி வளாகத்தின் தேவைக்காக 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் சீத்தா கேம்ப். இத்தகைய குடியிருப்புகளில் பல குடும்பங்கள் ஓர் இணைப்பைப் பகிர்வதும், குறிப்பிட்ட நேரம் மட்டுமே தண்ணீர் வருவதும் வழக்கம். 20 லிட்டர் குடம் இரண்டு நிமிடத்தில் நிரம்பினால், ஓட்டம் நிமிடத்துக்கு 10 லிட்டர். விநாடிக்கு ஒரு கனஅடி நீரோட்டத்தைக் கொண்டு இத்தகைய 170 குழாய்களை ஒரே நேரத்தில் இயக்க முடியும்.

அந்தக் குழாயில் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தால் 600 லிட்டர். தலா ஐந்து பேர் கொண்ட ஐந்து குடும்பங்கள் அதைப் பகிர்ந்தால், ஆளுக்கு 24 லிட்டர்தான் கிடைக்கும். பொதுக் குழாயை நம்பியிருப்போருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டு நூல் வகுத்துள்ள அளவு. கழிவுநீர் இணைப்புள்ள நகர வீடுகளுக்கு அது 135 லிட்டர். 40 லிட்டரை எட்ட வேண்டுமெனில் அதே ஒரு மணி நேரத்தில் நிமிடத்துக்கு 17 லிட்டர் ஓட்டம் வேண்டும். அல்லது 100 நிமிடங்கள் தண்ணீர் வர வேண்டும்.

'தண்ணீர் குறைவாக வருகிறது' என்று மட்டும் எழுதும் புகாருக்குப் பதிலாக, குடம் நிரம்ப எடுத்த நேரம், தண்ணீர் வந்த நேரம், பகிரும் நபர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு வாரத்துக்குக் குறித்துவைத்துக் கொடுத்தால், வார்டு அலுவலகப் பொறியாளர் அதைத் தமது எம்எல்டி கணக்கோடு நேரடியாக ஒப்பிட முடியும். மோட்டார் போட்டு இழுக்கும் வீடு அருகில் இருந்தால் ஓட்டம் குறைந்து காட்டும் என்பதால், அது இயங்கும் வேளையிலும் இயங்காத வேளையிலும் தனித்தனியே அளப்பது நல்லது.