தாளத்தை முந்தும் கை

செண்டை படிக்க வரும் பிள்ளையின் கையில் முதல் நாளே செண்டையைக் கொடுத்துவிட மாட்டார் ஆசான். புளியங்கொம்பில் செதுக்கிய தடித்த கோல் இரண்டு, முன்னால் ஒரு கருங்கல், அவ்வளவுதான். மாதக்கணக்கில் அந்தக் கல்லின்மேல்தான் கொட்ட வேண்டும். மணிக்கட்டு லாவகமாகத் திரும்ப வேண்டும், இரண்டு கைக்கும் ஒரே கனம் வர வேண்டும், வேகம் கூடினாலும் அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளி கலையக் கூடாது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கேரள–தமிழ்நாட்டு எல்லைக் கிராமங்களில் திருவிழாச் செண்டைமேளத்தைக் கேட்டு மெய்மறப்பவர்கள், அந்தக் கைகள் கல்லில் கழித்த காலத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

கல்லின் முன் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் தலைக்குள் நடப்பது பெரும் வியப்பு. ஓர் ஓசை காதில் விழுந்த பிறகு அதற்குப் பதிலாகக் கை அசைய, ஏறத்தாழ நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். கேட்ட பிறகுதான் அடிப்பது என்றால் ஒவ்வோர் அடியும் பிந்திப்போகும், மேளம் சிதறிவிடும். ஆனால் சிதறுவதில்லை. சீராக ஒலிக்கும் தாளத்தோடு சேர்ந்து விரலைத் தட்டச் சொல்லி ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களின் விரல், ஓசை பிறப்பதற்கு நொடியில் நூற்றில் சில பங்கு முன்னதாகவே விழுந்துவிடுகிறது! அடுத்த அடி எப்போது வரும் என்று மூளை கணித்து, கைக்கு முன்கூட்டியே ஆணை அனுப்பிவிடுகிறது.

இரண்டு பேர் சேர்ந்தால் இன்னும் சுவையானது. ஒருவர் தட்டுவது மற்றவருக்குக் கேட்கும்படி செய்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், யாரும் தலைமை ஏற்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் இருவருமே தம் நேரத்தைக் கொஞ்சம் திருத்தி, மற்றவரை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தார்கள். விட்டுக்கொடுப்பது என்று பெரியவர்கள் வாயால் சொல்லிக்கொடுப்பதை, தாளம் நொடிக்கு இரண்டு முறை உடம்பைக்கொண்டு செய்யவைக்கிறது.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் குழந்தையை மார்போடு கட்டித் தூக்கிக்கொண்டு இசைக்கு ஏற்பக் குதிப்பார். எதிரே இன்னொரு பெண் நின்று குதிப்பார். சில குழந்தைகளுக்கு அவர் அதே தாளத்தில் குதித்தார், சில குழந்தைகளுக்குத் தாளம் தப்பிக் குதித்தார். பிறகு அந்தப் பெண் கைதவறியதுபோல் பொருள்களைக் கீழே போட்டார். தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்ததில், சேர்ந்து குதித்த குழந்தைகளே முந்தி நின்றன. பேச்சே வராத வயதில், உடம்பு ஒத்துப்போனவரை நம்மவர் என்று அவை எடுத்துக்கொண்டன. பெரியவர்களைப் பற்றி ஆக்ஸ்போர்டில் ராபின் டன்பாரின் குழு ஆராய்ந்தபோது, சேர்ந்து ஆடிப் பாடிய பிறகு வலியைத் தாங்கும் அளவு உயர்ந்திருந்தது. உடம்புக்குள் எண்டார்பின் சுரப்பதன் அறிகுறியாக அவர்கள் அதைக் கொள்கிறார்கள்.

தாளம் மனிதரைச் சேர்த்துவைப்பது இந்த எல்லை வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, களியக்காவிளை எல்லை ஊரானது. வில்லுப்பாட்டு அந்த எல்லைக்கோட்டை மதிக்கவே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் கணியாகுளத்துப் போரில் மாண்ட படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை, தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் பாட்டாகி நிலைத்தது.

வில்லுப்பாட்டுக் குழுவில் என் கண் எப்போதும் குடக்காரரிடமே போகும். மண்குடத்தின் வாயில் மட்டையால் தட்டும்போது உள்ளே அடைபட்ட காற்று அமுங்கி விரிகிறது, வாய்ப்பக்கத்துக் காற்று முன்னும் பின்னும் அசைகிறது. நெஞ்சில் வந்து மோதும் அந்தக் கனத்த ‘கும்’ இப்படித்தான் பிறக்கிறது. குடத்தின் வயிறு பெருத்தால் ஒலி தாழும், வாய் அகன்றால் உயரும். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் கணக்காக எழுதிய இந்த விதியைக் குடக்காரரின் கை அறியும். அருகே உடுக்கு, ஜால்ரா, கட்டை. பாட்டுக்காரர் அடியை எடுத்துவிட, மற்றவர்கள் பின்பாட்டு பாடி ஆமாம் போட வேண்டும். குரல் வளம் இல்லாத பிள்ளையும் ஜால்ராவோடு இந்த வட்டத்துக்குள் வந்து உட்காரலாம். அவன் ஓர் அடி தவறவிட்டால் எல்லாருக்கும் தெரியும். அவன் வராவிட்டாலும் தெரியும். வீட்டிலோ பள்ளியிலோ யாரும் எதிர்பார்த்திராத ஒரு பிள்ளைக்கு, தனக்காக ஓர் இடம் காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

இப்படி இசைக்குள் வந்த பிள்ளையிடம் எவ்வளவு காலத்தில் மாற்றம் தெரியும்? லாஸ் ஏஞ்சல்ஸில் ரௌடிக் கும்பல்கள் மலிந்த பகுதிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பிக்கும் ஹார்மனி ப்ராஜெக்ட் அமைப்போடு சேர்ந்து, நினா கிராஸ் என்ற நரம்பியலாளர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நெருங்கி ஒலிக்கும் மெய்யொலிகளை மூளை எவ்வளவு தெளிவாகப் பிரித்தறிகிறது என்று மின்னலைகளைக்கொண்டு அளந்தார். ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் மாற்றம் ஏதும் இல்லை. இரண்டாண்டு முடிந்தபோதுதான் தெளிவு கூடியிருந்தது. கோடை விடுமுறை முகாமும் பத்து நாள் பட்டறையும் நடத்திவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெனிசுவேலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய எல் சிஸ்டெமா என்ற இசைக்கல்வித் திட்டம் உலகெங்கும் முன்மாதிரியாகப் பேசப்படுவது. குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து அதன் 16 மையங்களில் நடத்திய பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. தன்னடக்கம் சற்றுக் கூடியது. வன்முறையைப் பார்த்து வளர்ந்த ஆண்பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைந்தது. அறிவுத்திறனில் பொதுவான ஏற்றம் காணப்படவில்லை. என்னை உறுத்துவது வேறொரு செய்தி. சேர்ந்தவர்களில் ஏழைப் பிள்ளைகள் 16.7 விழுக்காடுதான், அந்த மாநிலங்களில் குழந்தை வறுமையோ 46.5 விழுக்காடு. எல்லாருக்கும் திறந்த கதவுதான். ஆனாலும் ஏழை வீட்டுப் பிள்ளை அதுவரை வந்து சேரவில்லை.

அந்தக் கதவைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 1924இல் பிறந்த பாடகி பாறசாலை பொன்னம்மாள், திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. பல தலைமுறைப் பாடகர்களை உருவாக்கியவருக்கே, அந்நகரின் நவராத்திரி மண்டபத்தில் பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குமுன் அங்கே எந்தப் பெண்ணும் பாடியதில்லை. தலித் குடும்பத்தில் பிறந்த நெய்யாற்றின்கரை வாசுதேவன், கர்நாடக இசையில் தனக்கென ஓர் இடம் பிடித்து 2004இல் பத்மஸ்ரீ பெற்றார். இவர்கள் இருவருக்கும் கிடைத்த ஆசிரியர்கள் கிடைக்காமலே போன பிள்ளைகள் எத்தனை பேரோ.

கேரளத்துக்கு 60 வயதானதையொட்டி அரசு கொண்டுவந்த வஜ்ர ஜூபிலி பெல்லோஷிப் திட்டத்தில், ஆயிரம் இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை அளித்து, உள்ளாட்சிகள் வழியே ஊர் மக்களுக்கு இலவசமாகக் கற்பிக்க வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. இப்படி ஒரு வகுப்பு எல்லைக் கிராமத்தில் நடக்கும்போது, ஆசான் இரண்டு ஆண்டாவது மாறாமல் இருக்கட்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ளட்டும். பெண்பிள்ளைகள் வீடு போய்ச் சேர வசதியாக, கடைசிப் பேருந்துக்கு முன்பே வகுப்பை முடிக்கட்டும்.